டிரஸ்ட் எடுத்த பெண்ணும் எடுக்காத பெண்ணும்

கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் என்னிடம் போனில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மேடம், டிரஸ்ட் உதவி வாங்க யாரைப் பார்க்கணும்?" அது பெரிய வித்தை இல்லை. ஓடத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் மைதானத்தில் இருந்தால் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். வந்த பிறகு அந்த மைதானத்தில் மனிதர்களுக்குள் என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வேலை பார்த்தது மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில். மைதானம் செம்மண். கோடையில் புழுதி பறக்கும், மழையில் நாற்று நடலாம். மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்தில் பந்தும் வலையும் வாங்கி, போட்டிகளுக்குப் போய்வரும் பஸ் செலவையும் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. சுனாமிக்குப் பிறகு நம் மாவட்டத்துக்கு அறக்கட்டளைகள் நிறைய வந்தன. முதலில் கடற்கரையில் வீடு கட்டினார்கள். பிறகு பிள்ளைகளின் படிப்புக்கு உதவினார்கள். சில வருடங்கள் கழித்து விளையாட்டுக்கும் வந்தார்கள். எங்கள் கல்லூரிக்கு வந்தது, வளைகுடாவில் தொழில் செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவர் தன் அப்பா நினைவாகத் தொடங்கிய டிரஸ்ட். அவரை எல்லோரும் முதலாளி என்றார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் டிரஸ்டின் செயலர்.

அந்தச் செயலர் வந்த அன்றே ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "டீச்சரே, மைதானம் போட்டுத் தர எங்களால ஆவாது. ஒரு பிள்ளைய எடுப்போம். ஆஸ்டல், சாப்பாடு, ஷூ, தனியா ஒரு கோச். எல்லாம் எங்க பொறுப்பு."

எங்களிடம் தொடர் ஓட்டத்துக்கு நல்ல அணி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாமே என்றேன்.

"நாலு பேருக்குப் பிரிச்சா ஒருத்திக்கும் எட்டாது. ஒருத்திய மேல கொண்டு போவணும். முதலாளிக்குக் காட்டணும்லா?"

டிரஸ்டுகளை நான் குறை சொல்லவில்லை. கொடுப்பவர்களுக்கு ஒரு முகம் வேண்டியிருக்கிறது. மைதானத்துக்கு முகம் கிடையாது, அணிக்கும் கிடையாது. ஒரு பெண் ரிப்பனை மார்பில் வாங்கிக்கொண்டு ஓடி முடிக்கும் படம் இருந்தால் யாரும் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை நம்முடைய தலையில் விழும். அன்றைக்கு என் தலையில் விழுந்தது.

இரண்டு பெண்கள் இருந்தார்கள். குலசேகரத்திலிருந்து வந்த அஜிதா. அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். குளச்சல் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த சகாய ஷைனி; அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்பவர். இரண்டு பேரும் நானூறு மீட்டர்காரிகள். இரண்டு பேரையும் முதல் வருடத்தில் கோ-கோ ஆட வந்த கூட்டத்திலிருந்து பிரித்து ஓட்டத்துக்கு இழுத்தது நான்தான். அஜிதா கொண்டுவரும் கிழங்கையும் ஷைனி கொண்டுவரும் மீன் கறியையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பிசைந்து தின்பார்கள். கிளாசிலும் ஒரே பெஞ்ச்.

செயலர் முன்னால் இரண்டு பேரையும் ஓடவிட்டோம். கடைசி வளைவு வரை ஷைனி முன்னால். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் அஜிதா நெஞ்சை முன்னால் தள்ளினாள். அவ்வளவுதான் வித்தியாசம். செயலர் அஜிதாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஷைனியின் பெயரைக் கேட்கவில்லை.

அந்த வாரமே அஜிதா ஆஸ்டலுக்கு மாறினாள். பெட்டியில் ஆணி வைத்த புது ஸ்பைக்ஸ் ஷூ வந்தது. காலையில் பால், சாயங்காலம் முட்டை. முதல் நாள் அவள் ஒரு முட்டையை உரித்து ஷைனியிடம் நீட்டினாள். ஷைனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் பிள்ளே. அது உனக்க டிரஸ்டு முட்டை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் முதல் மீன் கறி வரவில்லை. கிளாசில் பெஞ்சும் மாறிவிட்டதாகத் தமிழ் மிஸ் சொன்னார்.

ஷைனி ஓட்டத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அஜிதா எதை ஓடினாலும் பக்கத்துக் கோட்டில் அதையே ஓட ஆரம்பித்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் நேரம் பார்க்கவில்லை. அடி தேய்ந்த கேன்வாஸ் ஷூவில் ஓடுவாள். அஜிதா நின்றால் நிற்பாள். அஜிதா தண்ணீர் குடித்தால் இவளும் குழாய்க்குப் போவாள். கண் மட்டும் அவளை விட்டு அகலாது.

என் கதையும் அதே மாதிரிதான் ஆயிற்று. டிரஸ்ட் போட்ட கோச் பட்டாளத்தில் இருந்தபோது ஓடியவர். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். விசில் அடிக்காமலே பிள்ளைகளைக் கட்டுக்குள் வைக்கத் தெரிந்தவர். அவர் வந்த சில வாரங்களில் அஜிதாவின் நேரம், நான் வருடக்கணக்கில் குறைக்க முடியாத அளவுக்குக் குறைந்தது. கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் அவள் முதலிடம் வந்தபோது பேப்பரில் படத்தோடு போட்டார்கள். கோச்சின் பெயர் இருந்தது. டிரஸ்டின் பெயர் இருந்தது.

ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார், "மிஸ், உங்க பேரு எங்க? விட்டுட்டாவளோ?"

"பிள்ளை ஜெயிச்சா போதும்" என்றேன். பிறகு அந்தப் பேப்பரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், பெயர் எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தேன். இல்லை.

பொறாமை என்றால் அடிவயிற்றில் எரியும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. எனக்குக் கண்ணில்தான் இருந்தது. அந்த மனிதர் எங்கே தப்பு செய்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் செய்யவில்லை. திறமைசாலியாகவும் இருந்தார், மரியாதைக்காரராகவும் இருந்தார். "மேடம் போட்ட அடித்தளம்" என்று என்னைப் பற்றி முதல்வரிடம் சொன்னாராம். அதைக் கேட்டபோது எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. அடித்தளத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

ஐப்பசி மழை பிடித்தது. மைதானம் குளமானது. முதலாளி கிறிஸ்துமஸுக்கு வரும்போது அஜிதா அவர் முன்னால் ஓட வேண்டும், பக்கத்துக் கல்லூரிப் பெண்களையும் அழைத்துப் பந்தயமே வைத்துவிடலாம் என்று செயலர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பயிற்சி நின்றுவிடக் கூடாது என்று கோச் அவளைத் தார் ரோட்டில் ஓடவிட்டார். மழை வலுத்தால் ஆடிட்டோரியத்தின் சிமெண்டுப் படிகளில் ஏறி இறங்கவிட்டார்.

"ரோடு ரொம்பக் கடினம் சார்" என்று ஒருமுறை சொன்னேன்.

"பட்டாளத்துல நாங்க ரோட்டுலதான் மேடம் ஓடுனோம். பழகிரும்."

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் அஜிதா படியிறங்குவதைப் பார்த்தேன். நேராக இறங்கவில்லை. உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காலை மெதுவாக வைத்து இறங்கினாள். அடுத்த நாளும் பார்த்தேன். ஓடும்போது தெரியவில்லை. ஓடி முடித்து நிற்கும்போது எடை முழுவதும் இடது காலில் இருந்தது.

"கால்ல என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மிஸ்."

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். கோச்சின் கண்ணில் அது படவில்லை. டாக்டர் படிப்பு நான் படிக்கவில்லை. நான் கண்டது உண்மையான வலியா, அல்லது அந்த மனிதரின் பயிற்சியில் ஏதாவது கோளாறு வராதா என்று காத்திருந்த என் கண் தானாகவே கட்டிக்கொண்ட வலியா? என்னை நானே நம்ப முடியவில்லை. முதல்வரிடம் சொன்னால் என்ன நினைப்பார் என்பதும் தெரியும். இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை.

பிறகு ஷைனி வந்தாள். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் நான் நனைந்த வலைகளை உதறிக்கொண்டிருந்தேன். அவள் வாசலிலேயே நின்றாள்.

"மிஸ், ஒரு காரியம் சொல்லணும். நான் சொன்னேன்னு சொல்லப்பிடாது."

"சொல்லு மக்கா."

"அஜிதாவுக்க காலு சரியில்ல. அவளுக்கு நல்லா நோவுது. வளைவுல வரும்போ பல்லக் கடிக்கா. பக்கத்துல ஓடுத எனக்குக் கேக்கும் மிஸ்."

"கோச்சுகிட்ட சொல்லலாமே?"

"நான் சொன்னா பொறாமையில சொல்லுதேன்னு சொல்லுவாவ." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பொறாமை உண்டும் மிஸ். அவ ஓடப்பிடாதுன்னு எனக்கு ஆசை உண்டும். ஆனா காலு நோவுதது நெசம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே நானும் சொல்லியிருக்கலாம், ஒரு வார்த்தை மாற்றாமல். அஜிதாவை நேசிக்கிற ஆஸ்டல் தோழிகள், கோச், செயலர், முதல்வர், யாருக்கும் தெரியாதது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஏனென்றால் நாங்கள்தான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். நம் தொழிலில் பொறாமை வரும். உங்கள் பிள்ளையை வேறொருவர் ஜெயிக்க வைப்பார், உங்கள் கல்லூரிக்கு வராத பணம் பக்கத்துக் கல்லூரிக்குப் போகும். அப்போது உங்கள் கண்ணில் படுவதைத் தள்ளிவிடாதீர்கள், அது உண்மையாக இருக்கலாம். ஆனால் தீர்ப்பை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரிடம் கொண்டு போய்க் கொடுங்கள்.

நான் கோச்சிடம் போனேன். "அஜிதாவ எலும்பு டாக்டர்கிட்ட காட்டணும் சார்."

அவர் முகம் இறுகியது. "மேடம், முதலாளி வர நாள் நெருங்கிருச்சு. எல்லாப் பிள்ளைக்கும் வலி இருக்கும். நீங்க ஆரம்பத்துல இருந்தே என்னை ஒத்துக்கல."

"ஆமா சார். ஒத்துக்கல. அதனாலதான் நான் டாக்டர் அறைக்குள்ள வரமாட்டேன். நீங்க அவகூடப் போங்க. ஓடலாம்னு டாக்டர் சொன்னா நான் பிறகு வாயத் திறக்க மாட்டேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சரி என்றார். அஜிதாதான் வரமாட்டேன் என்று அழுதாள். "டாக்டரப் பாத்தா ஓடாதேன்னு சொல்லுவாவ மிஸ். ஓடல்லன்னா டிரஸ்டுல வச்சிருப்பாவளா?" டிரஸ்ட் வந்த அன்றே செயலரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஷூ எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்டேன், இதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். பிள்ளை ஓட முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு டீ குடியுங்கள்.

ஆஸ்பத்திரியில் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர்கள் இரண்டு பேரும். அந்த டாக்டருக்கு எங்களில் யாரையும் தெரியாது, ஓட்டத்தைப் பற்றியும் அக்கறை இல்லை. கொஞ்ச நேரத்தில் அஜிதா கத்துவது கேட்டது. பிறகு எக்ஸ்ரே அறைக்குப் போனார்கள், திரும்ப வந்தார்கள். கோச் வெளியே வந்தபோது பட்டாளத்து நடை இல்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒத்த விரல வச்சு அழுத்துனாரு மேடம். அவ்வளவுதான், கத்திட்டா. முழங்காலுக்குக் கீழ எலும்புல கீறல் விழுந்திருக்கு. இப்படியே வேகமா ஓடுனா ஒடிஞ்சிரும்னு சொல்லுதாரு." கைகளைப் பிசைந்துகொண்டார். "ரொம்ப நாளா நோவுதாம். எங்கிட்ட சொல்லல. வலியச் சொல்லுதவ ஓட்டக்காரி இல்லன்னு நான் எப்பமோ சொல்லியிருக்கேன். அதை மனசுல வச்சிருக்கா."

நான் ஜெயித்துவிட்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதை நினைத்தபோது ஒரு இனிப்பும் இல்லை. உள்ளே ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தது.

செய்தி கேட்டதும் செயலர் கல்லூரிக்கே வந்துவிட்டார். முதல்வர் அறையில் என்னையும் கோச்சையும் நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். "மற்றப் பிள்ளை ஒண்ணு உண்டும்லா? அது ஓடட்டும். டிரஸ்டும் அதையே எடுத்துக்கிடும்."

"அப்பம் அஜிதா?" என்றேன்.

"டீச்சரே, ஓடுத பிள்ளைக்குத்தான் டிரஸ்டு."

முதலாளி வந்த நாளில் வெயில் அடித்தது. மைதானத்தில் மணல் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். பந்தல், நாற்காலிகள், பொன்னாடை எல்லாம் தயார். அஜிதா கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பந்தலின் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தாள். ஷைனிக்கு டிரஸ்டின் பெயர் போட்ட பனியனைக் கொடுத்திருந்தார்கள். ஸ்பைக்ஸும் புதிதாக வாங்கி வைத்திருந்தார்கள். அவள் பழைய கேன்வாஸ் ஷூவைக் கழற்றவில்லை. "புதுசு கடிக்கும் மிஸ்" என்றாள்.

ஷைனி ஓடியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் காலில் இறக்கி ஓடினாள். மற்றக் கல்லூரிப் பெண்கள் வளைவில் இருந்தபோது அவள் ரிப்பனை வாங்கிவிட்டாள். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். பெரிய மனிதர், கட்டை குட்டையான உருவம், பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. பொன்னாடை போர்த்திவிட்டு, "கொள்ளாம் மக்கா, நல்லா ஓடுன. இனி உன்னை நாங்க பாத்துக்கிடுவோம்" என்றார்.

ஷைனிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. "சந்தோசம் சார். என்னை எடுங்க. ஆனா அவள எடுத்த மாதிரி எடுக்காதிய."

செயலர் திடுக்கிட்டு முன்னால் வந்தார். முதலாளி கையால் அவரை நிறுத்தினார். "எவள? என்ன மாதிரி?"

"எனக்க காலு ஒடிஞ்சாலும் வச்சிருப்பியளா?"

ஷைனி விடவில்லை. "எங்க ஊருல டிரஸ்டுக்காரவிய போட்டோ எடுத்துட்டுப் போன பிள்ளைய நெறைய உண்டும் சார். போட்டோ எடுத்தது மட்டும்தான் நெனப்புல இருக்கு. எனக்கு அப்படி வேண்டாம்."

முதலாளி செயலரைப் பார்த்தார். செயலர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே பந்தலின் மூலையைப் பார்த்தார். பிறகு நேராக அஜிதாவிடம் நடந்து போனார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். "இரி பிள்ளே, இரி" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்து செயலரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னார், "ரெண்டு பேரும் டிகிரி முடிக்கியது வரைக்கும் நம்ம பொறுப்பு. ஓடினாலும் ஓடல்லன்னாலும்."

ஷைனி அன்றைக்கு அஜிதாவுக்காகக் கேட்டாள் என்று கல்லூரியில் பேசிக்கொண்டார்கள். அவள் தனக்காகத்தான் கேட்டாள். பொறாமையோடு கூடவே ஓடியதில், டிரஸ்ட் தரும் அந்த இடம் எவ்வளவு வழுக்கும் என்பதை அவள் கண்கூடாகப் பார்த்திருந்தாள். கேட்டதில் இரண்டு பேருக்கும் நன்மை வந்தது. அது போதும்.

ஆனால் அஜிதாவுக்கு அது போதவில்லை. ஷைனியும் நானும் சேர்ந்து அவளை அந்த இடத்திலிருந்து இறக்கிவிட்டோம் என்று அவள் நம்பினாள். அப்படிச் சொல்லிக் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு சாயங்காலங்களில் மைதானத்துக்கு வந்து ஒரு ஓரமாக நிற்பாள். இப்போது கண் எடுக்காமல் பார்ப்பது அவளாயிற்று. கோச் ஷைனியை மண்ணில் மட்டும் ஓடவிட்டார். ஒவ்வொரு நாளும் முதலில் "எங்கயாவது நோவுதா?" என்று கேட்டார். அதை அஜிதா கேட்டுக்கொண்டு நிற்பாள். எனக்கே பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு ஸ்டாப் வாட்சைக் கையில் கொடுத்தேன். கோச் தொடக்கக் கோட்டில் நிற்க வேண்டியிருக்கிறது, நேரம் பார்க்க ஆள் இல்லை என்றேன். வாங்கிக்கொண்டாள். என் பாக்கெட்டில் இன்னொரு வாட்ச் இருந்தது. பழக்கத்தில் நானும் அமுக்கிக்கொண்டேன். ஷைனி கோட்டைத் தாண்டினாள். அஜிதா நேரத்தை உரக்கச் சொன்னாள். என் வாட்ச் காட்டியதைவிட அது கொஞ்சம் கூடுதலாக இருந்தது. முதல் நாள் கை பழகவில்லை என்று நினைத்தேன். மறுநாளும் கூடுதல். அதற்கடுத்த நாளும் கூடுதல். கொஞ்சம்தான், ஷைனியின் முகம் சுருங்குகிற அளவுக்கு மட்டும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. கோச்சிடமும் சொல்லவில்லை. ஷைனி தன் நேரம் மோசமாக இருக்கிறது என்று நினைத்து இன்னும் மூர்க்கமாக ஓடினாள். போட்டிகளில் எப்படியும் உண்மையான நேரம் தெரிந்துவிடும். அஜிதாவுக்கு வேறு எங்கே போய்த் தன் பொறாமையை இறக்கி வைக்க முடியும்?

மாசி வெயிலில் மைதானம் காய்ந்து இறுகியிருந்த ஒரு சாயங்காலம். ஷைனி வளைவைச் சுற்றி வந்தபோதே தெரிந்தது, இது வேறு ஓட்டம் என்று. கோட்டைத் தாண்டி முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். அஜிதா கையிலிருந்த வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு நேரத்தைச் சொன்னாள்.

ஷைனி தலையைத் தூக்கினாள். "ஏட்டி, நெசமாட்டா?"

"நெசமாத்தான். வேணும்னா மிஸ்கிட்ட கேளு. அவிய பாக்கெட்டுல வேற ஒண்ணு வச்சிருக்காவ."

நான் பாக்கெட்டிலிருந்து வாட்சை எடுத்துக் காட்டினேன். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டின.